கொசுவும் ஒட்டகமும்

கொசுவை வடிகட்டுவதில் கண்ணும் கருத்துமாயிருந்து, ஒட்டகத்தை அப்படியே விழுங்கிவிடுவோரைக் குறித்து நம் ஆண்டவர் விடுத்த எச்சரிக்கை இருபது நூற்றாண்டுகள் கடந்தும் பழையதாகிவிடவில்லை. நம் கடற்கரைப் பங்குகளில் கைமாறும் சில துண்டறிக்கைகளையும், கைப்பேசி வழியே வீடுதோறும் நுழையும் குரல் செய்திகளையும், ஒருசில செபக்கூட்டங்களில் முழங்கும் உரைகளையும் கேட்கும்போது, அந்த எச்சரிக்கை நமக்கென்றே விடுக்கப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. டி.என்.ஏ. தடுப்பு மருந்து கடவுளின் படைப்பில் கைவைக்கிறது; மின்சாரத்தை உடலில் பாய்ச்சி மனிதனின் மரபையே மாற்றிவிடுகிறார்கள்; திருவெளிப்பாடு சொல்லும் விலங்கின் முத்திரை இதுவே; கருவில் அழிக்கப்பட்ட குழந்தையின் உடலிலிருந்து இது செய்யப்படுகிறது. அவற்றின் சாரம் இவ்வளவே.

இவற்றைக் கேட்டு அஞ்சுவோரை நாம் இகழவில்லை. தம் பிள்ளையின் உடலில் எதைச் செலுத்துகிறார்கள் என்று கேட்பது தாயின் உரிமை. ஆனால் அந்தத் தாயிடம் தவறானதை மெய்யென்று சொல்வதற்கு, அதுவும் ஆண்டவரின் பெயரால் சொல்வதற்கு, எவருக்கும் உரிமையில்லை. பொய்யான அச்சத்தில் நம் மனச்சான்றைச் செலவழித்துவிட்டால், மெய்யாகவே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க அது மிஞ்சாது. கொசுவை வடிகட்டி முடிப்பதற்குள் ஒட்டகம் தொண்டையில் இறங்கிவிடும். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

முதலில் பொருளை அறிவோம். நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்து நிற்கிறது. அதன் கனம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இத்தனை மெல்லியதாயினும் அது விழிப்பான காவல். வேண்டியதை உள்ளே விடும்; மற்றதை வெளியே நிறுத்தும். டி.என்.ஏ. பெரிய மூலக்கூறு, எதிர்மின்னேற்றம் உடையது. அது தானாக இக்காவலைக் கடப்பது மிக அரிது. 1990இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் உல்ஃப் குழுவினர் எலியின் தசையில் வெறும் டி.என்.ஏ.வைச் செலுத்தினர். தசையின் உயிரணுக்கள் சில அதை ஏற்று, அதிலிருந்த குறிப்பின்படி புரதத்தை உண்டாக்கின. டி.என்.ஏ. தடுப்பு மருந்து என்னும் எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் எலிக்குப் போதுமாயிருந்தது மனிதனுக்குப் போதவில்லை. உள்ளே புகுந்த அளவு சிறிது. பிறந்த எதிர்ப்பாற்றலும் சிறிது.

இக்குறையைத் தீர்க்கவே மின் துடிப்பு வந்தது. குறுகிய மின் துடிப்பு ஒன்றைச் செலுத்தினால் உயிரணுவின் சவ்வில் நுண்ணிய துளைகள் சில நொடிகளுக்குத் திறக்கின்றன என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அவ்வழியே டி.என்.ஏ.வை உயிரணுவுக்குள் செலுத்த முடியும் என்பதை எபர்ஹார்ட் நாய்மன் என்னும் ஜெர்மானிய அறிவியலாரும் அவருடன் உழைத்தோரும் 1982இல் காட்டினர்.

தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத பொருளன்று. மணல்திட்டு அடைத்து நிற்கும்போது ஆற்றுநீருக்கு வழியில்லை. திட்டை வெட்டிவிட்டால் நீர் பாயும். சில காலத்தில் கடலே மணலைக் கொண்டுவந்து அவ்வழியை மூடிவிடும். கரை பழைய கரையாகவே இருக்கும். மின் துடிப்பு செய்வதும் இதுவே. மருந்தைத் தோலிலோ தசையிலோ செலுத்திய இடத்தில் மெல்லிய ஊசி முனைகளின் வழியாகச் சில துடிப்புகள் பாய்ச்சப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு அளவே நீடிக்கும். தசை ஒருமுறை துள்ளும், சுருக்கென்று வலிக்கும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். துளைகள் மூடிக்கொள்ளும்.

உள்ளே சென்ற டி.என்.ஏ. என்ன செய்கிறது? அது ஒரு சிறு வளையம், பிளாஸ்மிட் என்பர். நோய்க்கிருமியின் ஒரே ஒரு புரதத்துக்கான குறிப்பு மட்டும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. உயிரணுவின் உட்கருவில் அக்குறிப்பு படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியைக் கொண்டு உயிரணு அப்புரதத்தைச் செய்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியன் என்று இனங்கண்டு, மெய்யான கிருமி வரும் நாளுக்காகப் பயிற்சி பெறுகிறது. முழுக் கிருமி உடலில் நுழைவதேயில்லை. ஆகவே அம்மருந்தினால் அந்நோய் வர வழியில்லை.

இனி அச்சங்களுக்கு வருவோம். மனிதனின் மரபு மாறிவிடும் என்பது முதலாவது. நாள்தோறும் நாம் உண்ணும் சாளையிலும் நெத்தலியிலும் டி.என்.ஏ. இருக்கிறது, மரச்சீனிக் கிழங்கிலும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாளை தின்ற நமக்குச் செதில் முளைக்கவில்லை. உண்பது செரித்துவிடும், உயிரணுவுக்குள் போவதில்லை என்று மறுப்பார்கள். சரி, உயிரணுவுக்குள் போவதையே பார்ப்போம். குழந்தைக்கு வரும் சின்னம்மையை உண்டாக்குவது ஒரு டி.என்.ஏ. கிருமி. நோய் தீர்ந்த பின்னும் அதன் டி.என்.ஏ. நரம்பின் உயிரணுக்களில் வாழ்நாள் முழுதும் தங்கியிருக்கிறது. மனிதனின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு பண்டைக் காலத்துக் கிருமிகளிடமிருந்து வந்ததென்று அறிவியல் கணக்கிடுகிறது. அந்நிய டி.என்.ஏ. நுழைந்த மாத்திரத்தில் கடவுளின் சாயல் அழியுமானால், அது முதல் சின்னம்மையிலேயே அழிந்திருக்கும்.

மறுதரப்பின் வாதத்தில் மெய்யான ஒரு துளி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. செலுத்திய வளையம் உட்கருவிலுள்ள மனித டி.என்.ஏ.வுடன் எங்கேனும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற ஐயம் அறிவியலாருக்கே இருந்தது. அதை அவர்கள் தேடவும் செய்தார்கள். மின் துடிப்புடன் செலுத்தப்பட்ட எலித் தசையில் மிக அரிதாக அவ்வாறு ஒட்டியதை 2004இல் கண்டு வெளியிட்டார்கள். இந்த ஐயத்தினாலேயே மனிதருக்குக் கொடுக்கும் முன் டி.என்.ஏ. மருந்துகளில் இதைச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. கையின் தோலிலோ தசையிலோ நிகழும் இந்த அரிய நிகழ்வு பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதன்று; கருவை உண்டாக்கும் உயிரணுக்கள் வேறு. ஆராய வேண்டிய ஓர் அபாயத்தை ஆராய்வது அறிவு. அதையே உலக முடிவின் அடையாளமென்று முழங்குவது அறிவுமன்று, விசுவாசமுமன்று.

கடவுளின் சாயல் எங்கே இருக்கிறது என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். அது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் எழுதி வைக்கப்பட்ட ஒன்றா? அப்படியானால் மரபணுக் குறையுடன் பிறக்கும் குழந்தை குறைந்த சாயலோடு பிறக்கிறது என்றாகிவிடும். திருச்சபை ஒருநாளும் அப்படிக் கற்பித்ததில்லை. அறிவும் அன்பும் விடுதலையும் உடைய ஆன்மாவில் நம் முன்னோர் தேடிய அந்தச் சாயலை ஒரு வேதிப்பொருளுக்குள் இறக்கிவிடுவோர், தாம் எதிர்ப்பதாகச் சொல்லும் பொருள்முதல்வாதத்தையே அறியாமல் போதிக்கிறார்கள்.

விலங்கின் முத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். திருவெளிப்பாடு நூல், கொடுங்கோல் அரசை வணங்க மறுத்துத் துன்புற்ற தொடக்கக் கிறிஸ்தவருக்கு எழுதப்பட்ட ஆறுதல். அது காட்டும் முத்திரை பேரரசனை வணங்கச் சம்மதிப்போரின் அடையாளம். நோயிலிருந்து தப்பக் கை நீட்டும் குழந்தையை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது, திருநூலுக்கும் அந்தக் குழந்தைக்கும் இழைக்கும் அநீதி.

கருக்கலைப்பு பற்றிய குற்றச்சாட்டு மற்றவற்றைப் போன்றதன்று. கத்தோலிக்க மனச்சான்று அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கொரோனாக் காலத்தில் நம் மக்களுள் பெரும்பாலோர் பெற்ற கோவிஷீல்டு மருந்தைத் தயாரிக்க, பல்லாண்டுகளுக்கு முன் அழிக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து பெறப்பட்டுப் பெருக்கப்பட்டுவரும் உயிரணு வரிசை பயன்பட்டது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று வெளியிட்ட குறிப்பில் இதை ஆராய்ந்தது. குறையற்ற வேறு மருந்து கிடைக்காத நிலையில் அத்தகைய மருந்தைப் பெறுவது பாவத்துக்கு உடன்படுவதாகாது என்றது. மனச்சான்றுக்கு இடர் தராத மருந்துகளை உண்டாக்கும்படி அரசுகளையும் நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டது. தடுப்பூசி பெறுவது பொதுவாகத் தன்விருப்பின்படியே அமைய வேண்டும் என்றது. ஏழை நாடுகளுக்கும் அது எட்டச் செய்வது அறக்கடமை என்றது.

இனி டி.என்.ஏ. மருந்து எங்கே தயாராகிறது என்று பாருங்கள். அந்த வளையத்தைப் பெருக்குவது குடலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவில். தயாரிப்புக்கு மனிதக் கருவின் உயிரணு எதுவும் தேவையில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகள் சிலவற்றில் அத்தகைய உயிரணு வரிசைகள் பயன்பட்டதுண்டு. அதுவும் விலக்கப்பட வேண்டுமென்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆயினும் கருவின் பெயரால் கோவிஷீல்டை எதிர்த்தவர்கள் முதலில் வரவேற்றிருக்க வேண்டியது இந்த டி.என்.ஏ. மருந்தையே. அதையும் அவர்கள் அதே மூச்சில் எதிர்க்கிறார்கள். அப்படியானால் அவர்களை இயக்குவது கருவின்மேல் கொண்ட இரக்கமா, புதியது எதைக் கண்டாலும் எழும் அச்சமா என்று கேட்காமல் இருக்க இயலவில்லை.

இந்த அச்சம் நம் மண்ணுக்குப் புதியதன்று. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. கௌரி லட்சுமி பாய் ஆட்சியில் 1813இல் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் முறை நுழைந்தபோது, மாட்டின் நோயை மனித உடலில் ஏற்றுவதா என்று மக்கள் அஞ்சினர். ஒருவர் கையிலிருந்து எடுத்த பாலை மற்றொருவர் கையில் வைத்ததால் சாதி கெடுமென்ற அச்சமும் அக்காலத்தில் இருந்தது. மக்களின் மருட்சி நீங்க அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டதாக வரலாறு கூறுகிறது. உரோமையிலும் இதே காலத்தில், திருத்தந்தை ஏழாம் பத்திநாதரின் ஆட்சியில், கர்தினால் கொன்சால்வி 1822இல் அம்மை குத்துவதை ஊக்குவித்து ஆணை பிறப்பித்தார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் சிங்கராயர் அதைத் தடைசெய்தார் என்று திருச்சபையின் பகைவர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். அதற்கு ஆதாரமான ஆவணம் எதுவும் இல்லை. பகைவர் நம்மேல் சுமத்திய அந்தப் பொய்யை இன்று நம்மவரே மெய்யாக்கிக் காட்டுவதா? பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அறிவித்தது. முகத்தில் தழும்போடும் பார்வையிழந்தும் வாழ்ந்த முன்னோரின் துயரம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது அந்த ஊசியால்தான்.

நிற்க. கொசுவைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிட்டோம். இனி ஒட்டகத்தைப் பார்ப்போம்.

டி.என்.ஏ. தடுப்பு மருந்தை மனிதருக்கு முன் பெற்றவை எவை தெரியுமா? 2005இல் அமெரிக்காவில் குதிரைகளுக்கு ஒன்று அனுமதிக்கப்பட்டது. அதே 2005இல் கனடாவில் பண்ணைகளில் வளர்க்கும் சால்மன் மீன்களுக்கு ஒன்று அனுமதிக்கப்பட்டது. நோய் வந்தால் பண்ணை முதலாளிக்கு நட்டம். ஆகவே மீனைப் பிடித்து ஊசி போட்டார்கள். மனிதனுக்கான முதல் டி.என்.ஏ. மருந்துக்கு அதன்பின் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதருக்கான சோதனை கடினமானது, நீண்டது என்பது மெய்யே. என்றாலும், வளர்ப்பு மீனுக்குக் கிடைத்தது மீனவனுக்கு எப்போது எட்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்த முதல் மருந்து நம் நாட்டிலேயே பிறந்தது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சைக்கோவ்-டி, 2021 ஆகஸ்ட் 20 அன்று அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது. உலகில் மனிதருக்கு அனுமதிக்கப்பட்ட முதல் டி.என்.ஏ. தடுப்பு மருந்து அதுவே. அது மின் துடிப்பைப் பயன்படுத்தவில்லை. ஊசியில்லாமல், மருந்தை மெல்லிய தாரையாகத் தோலுக்குள் பீய்ச்சும் கருவியைப் பயன்படுத்தியது. 28,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் நோயை 66.6 விழுக்காடு தடுத்ததாக இடைக்கால முடிவு வந்தது. மூன்று தவணைகள். நடுவண் அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை, அதாவது நம் வரிப்பணம், அதன் உருவாக்கத்துக்குத் துணை நின்றது. ஒரு தவணைக்கு 265 ரூபாயும், பீய்ச்சும் கருவிக்கு 93 ரூபாயும், வரி தனியாக, விலை பேசி ஒரு கோடி தவணைகளுக்கு அரசு ஆணை கொடுத்தது. முதலில் வழங்கப்படும் ஏழு மாநிலங்களில் தமிழகத்தின் பெயரும் இருந்தது. 2022 பெப்ரவரியில் பாட்னாவில் அதைப் போடத் தொடங்கியபோது, நாட்டின் பெரியவர்களுள் பெரும்பாலோர் வேறு மருந்துகளைப் பெற்றுவிட்டிருந்தனர். பெருமையோடு அறிவிக்கப்பட்ட மருந்து சத்தமின்றிப் பின்னுக்குப் போயிற்று. பொதுப்பணத்தில் பெற்ற அறிவு இனி யாருக்குப் பயன்படும்? அடுத்த கொள்ளைநோய் வரும்போது அது முதலில் யார் வீட்டை எட்டும்? இவையே ஒட்டகங்கள்.

மின் துடிப்பின் கதையும் இவ்வாறே எண்ணத்தக்கது. அமெரிக்காவின் இனோவியோ நிறுவனம் கொரோனாவுக்கு எதிராக ஒரு டி.என்.ஏ. மருந்தைக் கைக்கருவி ஒன்றோடு சோதித்தது. 2020 செப்டம்பரில் அந்நாட்டு மருந்து ஆணையம் கருவியைப் பற்றிக் கேள்விகள் எழுப்பிப் பெரிய ஆய்வை நிறுத்தி வைத்தது. 2021இல் அமெரிக்க அரசின் நிதியும் நின்றது. அம்மருந்து சந்தைக்கு வரவேயில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலுள்ள பெண்களுக்கு இதே முறையில் அளித்த டி.என்.ஏ. மருந்து 2015இல் நம்பிக்கை தந்தது. 167 பெண்களிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், பெறாதோருள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானோருக்கும் அந்நிலை பின்வாங்கியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை முழுமையாக உறுதிசெய்யவில்லை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் மட்டும் இப்புற்றுநோயால் இறந்த பெண்கள் 77,000க்கும் மேல் என்பது உலகக் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் பரிசோதனைக்கே போக வழியில்லாத ஏழைகள். செபக்கூட்டத்தில் மின் துடிப்பைச் சபிக்கும் நம் பேச்சாளர்கள் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு சொல் சொன்னதுண்டா?

இனயத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபின் நம் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டியில் காக்க வேண்டிய மருந்து அந்நாட்களில் எப்படி நிலைக்கும்? சில கொரோனா மருந்துகளுக்கு உறைநிலைக்கு மிகக் கீழான குளிர் வேண்டியிருந்ததை நாம் அறிவோம். டி.என்.ஏ. அப்படியன்று, சைக்கோவ்-டி 25 பாகை வெப்பத்திலும் மூன்று மாதமேனும் நிலைத்ததாக ஆய்வு சொன்னது. புயலும் கடற்சீற்றமும் அடிக்கடி தாக்கும் கரைக்கு இது அற்பமான நன்மையன்று. ஆனால் மருந்து வெப்பத்தைத் தாங்கினாலும், அதைச் செலுத்தும் கருவி விலை மிக்கதாய், பழுதானால் திருத்த ஆளில்லாததாய், நகரத்து மருத்துவமனையிலேயே பூட்டிக் கிடந்தால், நமக்கு என்ன பயன்?

இன்னொரு கேள்வி சம்மதத்தைப் பற்றியது. 2009இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அது டி.என்.ஏ. மருந்து அன்று. பாத் என்னும் அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் ஈடுபட்டிருந்தன. பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரிடம் கேளாமல் விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்திட்டனர். ஏழு சிறுமியர் இறந்த செய்தி பரவ, 2010 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமென்று விசாரணை முடிவு செய்யவில்லை. ஆனால் சம்மதம் பெற்ற விதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாயிருக்கலாம், கேளாமல் போட்டது அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே நமக்கு வேண்டும். படைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற கூச்சலில், எங்களைக் கேட்டீர்களா என்ற நியாயமான குரல் அமுங்கிப்போகிறது. நம்மைக் கேளாமல் செய்ய நினைப்போருக்கு இதைவிட வசதியானது வேறில்லை.

இந்தத் தெளிவு இனயத்துக்குப் புதியதன்று. 2016 ஜூலையில் நடுவண் அமைச்சரவை இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது, துறைமுகம் என்பதே பாவமென்று நம் மக்கள் சொல்லவில்லை. கடலில் கப்பல் ஓடுவது கடவுளுக்கு விரோதமென்று எந்தப் பங்கிலும் மறையுரை நிகழவில்லை. யாருடைய துறைமுகம், யாருக்கு ஆதாயம், எங்கள் கரை என்னாகும், எங்களைக் கேட்டது யார் என்று கேட்டார்கள். ஆண்களும் பெண்களும் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். கேள்வி நேரானதாயிருந்ததால் அதை அரசும் புறந்தள்ள இயலவில்லை. திட்டம் இனயத்தைவிட்டு நகர்ந்தது. அன்று துறைமுகத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்த நமக்கு இன்று மருந்தைப் பற்றிக் கேட்கத் தெரியாதா?

படித்தோர் சிலருக்கும் ஒரு சொல். ஊசிக்கு அஞ்சும் மீனவப் பெண்ணை அறிவிலி என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. புயலில் கடலுக்குள் சிக்கியவரைத் தேடும்படி கரையில் நின்று கதறியபோது, தன் குரல் எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை என்பதைக் கண்டவள் அவள். அரசு சொல்வதையெல்லாம் அவள் உடனே நம்பாததற்குக் காரணம் உண்டு. அவளுக்குத் தேவை ஏளனமன்று. அவள் மொழியில், அவள் கேட்கும் வரை பொறுமையாகச் சொல்லும் விளக்கம். அந்த விளக்கத்தை நாம் கொடுக்காத இடத்திலேதான் துண்டறிக்கை நுழைந்தது.

அதைக் கொடுக்கும் வசதி நம்மிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவரும் அருட்சகோதரியுமான மேரி குளோரி 1943இல் குண்டூரில் தொடங்கிய கத்தோலிக்க நலவாழ்வு அமைப்பில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. நம் கடற்கரைக் குடும்பங்களில் செவிலியர் பலர் இருக்கிறார்கள். அன்பியங்கள் இருக்கின்றன, பங்குப் பேரவைகள் இருக்கின்றன. தடுப்பூசி முகாமுக்கு முந்திய வாரம் அன்பியத்தில் ஒரு செவிலியர் அரைமணி நேரம் பேசினால், ஆயிரம் குரல் செய்திகள் வலுவிழக்கும். புதிய மருந்து எதையேனும் நம் ஊரில் சோதிக்க வருவோரிடம், சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடு, பெற்றோர் முன்னிலையில் படித்துக் காட்டு, தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யாரென்று எழுதிக் கொடு என்று பங்குப் பேரவை கேட்கலாம். வரிப்பணத்தில் வளர்ந்த மருந்தும் கருவியும் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் வரை வரவேண்டுமென்று நம் பேராளர்களிடம் வலியுறுத்தலாம். செபக்கூட்டங்களிலும் இதற்காகச் செபிக்கலாம். அச்செபம் ஆண்டவருக்கு உவப்பானதாகவே இருக்கும்.

மருத்துவரும் மருந்தும் கடவுளின் கொடையென்று சீராக்கின் ஞானநூல் நமக்குக் கற்பிக்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்த சமாரியர், அந்த எண்ணெய் எந்த ஊரில் ஆட்டப்பட்டதென்று ஆராய்ந்து நிற்கவில்லை. சத்திரக்காரனுக்கு யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் மறவாமல் பார்த்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்வியையே நாமும் கேட்போம். ஏழையின் காயத்துக்கு மருந்து வந்து சேர்ந்ததா? அதன் விலையை யார் கொடுக்கிறார்? அவன் சம்மதத்தைக் கேட்டார்களா? இவற்றுக்கு விடை பெறும் வரை நம் குரல் ஓயக்கூடாது. டி.என்.ஏ. உயிரணுவுக்குள் போவதைப் பற்றி நாம் அஞ்ச வேண்டாம்; அது இனயத்தின் குடிசைக்குள் வராமல் போவதைப் பற்றி அஞ்சுவோம்.